ஆறாத சாம்பல்

பிரமுவின் சாம்பல் ஆறவில்லை. எரித்த மறுநாள் காலையில், கார்த்திகை மழை சுடுகாட்டுத் தகரக் கொட்டகையின் மேல் சடசடவென்று அடித்துக்கொண்டிருக்க, அங்கே வேலை பார்க்கும் மாடசாமி பால் தெளித்து, எலும்பு பொறுக்கி, சாம்பலை அள்ளி மண்கலயத்தில் போட்டு வாயில் துணியைக் கட்டி, "பிடிங்கக்கா, கொஞ்சம் சூடா இருக்கு, வீடு போறதுக்குள்ள ஆறிரும்" என்று ஆவுடையின் கையில் கொடுத்தான். ஆவுடை முந்தானையைச் சும்மாடு போலச் சுருட்டிக் கலயத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி, ஆற்றங்கரையோரமாகவே நடந்து கடைசல்காரத் தெருவுக்கு வந்து சேர்ந்தாள். அவள் சேலை முழுக்க நனைந்திருந்தது. கலயம் வைத்திருந்த வயிற்றுப் பக்கம் மட்டும் காய்ந்திருந்தது.

ஆவுடைக்குப் பிரமு சக்களத்தி. நெடுங்காலத்துக்கு முன்னால், சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குச் மரத்தில் கடைந்த செப்புச் சாமான் விற்கப் போன புருசன் நம்பி ஆசாரி, விற்காமல் மிஞ்சிய மரச்சொப்புகளையும் பம்பரங்களையும் கோணியில் ஒரு பக்கமும் பிரமுவை இன்னொரு பக்கமுமாகக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். எந்த ஊர், யார் வீட்டுப் பெண் என்று கேட்டதற்கு அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. பிள்ளை இல்லாத ஆவுடை முன்கட்டிலும், வந்த மறுவருசமே கல்யாணியைப் பெற்ற பிரமு பின்கட்டிலுமாக, ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். நம்பி ஆசாரி காய்ச்சலில் போன பிறகுதான் பட்டறை இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்தது. அது வார் இழுத்துச் சுற்றுகிற பழைய பட்டறை; ஒருத்தி வாரை முன்னும் பின்னும் இழுத்தால்தான் மரம் சுழலும், இன்னொருத்தி உளி பிடித்தால்தான் சுழல்கிற மரம் கிண்ணமாகும், குடமாகும், தொட்டில் காலாகும். ஆவுடை உளி பிடித்தாள். பிரமு வார் இழுத்தாள். பிறகு மோட்டார் வந்தது. பிரமு அரக்குக் குச்சியை எடுத்துக்கொண்டாள். சுழல்கிற மரத்தில் அரக்கை அழுத்தினால் உரசுகிற சூட்டில் அது உருகி நிறமாக ஏறும். சிவப்பும் மஞ்சளும் பிரமுவுக்குப் பிடித்த நிறங்கள். ஆவுடை தலையைத் திருப்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டி, "ஏட்டி, அரக்கு" என்பாள். கையில் அரக்கு இருக்கும்.

பிரமு போன பிறகும் அந்தக் கை பின்னால் நீண்டுகொண்டுதான் இருந்தது. நீட்டியது அப்படியே நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து ஆவுடை அதை மடக்கி மடியில் வைத்துக்கொள்வாள். அவள் அழவில்லை.

சாம்பலை அன்றைக்கே ஆற்றில் கரைத்திருக்கலாம். ஆனால் மஸ்கட்டில் நர்சாக இருக்கிற கல்யாணி, தன் இடத்துக்கு வேறு ஆள் வந்தால்தான் விடுவார்கள் என்ற நிலையில், போனில் தேம்பித் தேம்பி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "பெரியம்மா, மொகத்தத்தான் பாக்கக் குடுத்து வைக்கல. நான் வாரது வரைக்கும் அம்மாவக் கரைச்சிராதீய."

"கரைக்க மாட்டேன் தாயி. நீ வா."

செத்தவர் சாம்பலை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பதால், வாசலில் நிற்கிற பூவரச மரத்தின் தாழ்ந்த கிளையில் கலயத்தைத் துணியில் பொதிந்து கட்டித் தொங்கவிட்டாள். மறுநாள் காலையில் கலயம் நெடுகக் கீறிப் பிளந்து நின்றது. சாம்பல் ஒரு பொட்டுகூடக் கீழே சிந்தாமல், கலயத்தின் வடிவிலேயே துணிக்குள் உட்கார்ந்திருந்தது. தொட்டால் இட்லிப் பானையைத் தொட்டது போலக் கை பின்னால் வந்தது. வேறு கலயம் வாங்கி மாற்றினாள், அதுவும் பிளந்தது. பித்தளைச் செம்பில் போட்டாள். செம்பு பிளக்கவில்லை, ஆனால் அதை யாராலும் தொட முடியவில்லை. வருகிற பிள்ளை தாயை மடியில் வைத்துப் பார்க்க வேண்டாமா என்று ஆவுடைக்கு அப்போதுதான் தோன்றியது. கொதிக்கிற குழம்பையும் கை சுடாமல் கிளறுவது மரப்பிடி போட்ட அகப்பைதான். மரத்தில் கடைந்தால்தான் பிரமுவைக் கையால் தூக்க முடியும்.

தெரு இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. இசக்கியம்மன் கோயில் பூசாரி வந்து இரண்டு உள்ளங்கைகளையும் செம்புக்கு நேரே காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்று, "சூடாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குமேல் யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்த வருசத்து மழை அப்படி. சுவரில் ஓதம் ஏறியது, தீப்பெட்டி நமுத்தது, மாவு புளிக்கவில்லை, துணி காயவில்லை. முதலில் ஒரு நாய் வந்து பூவரசின் அடியில் சுருண்டு படுத்தது. அப்புறம் கைக்குழந்தைக்காரி செண்பகம், பிள்ளையின் ஈரத்துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்து, செம்புக்கு இரண்டு பக்கமும் கயிறு கட்டிக் காயப்போட்டாள். அரை நாழிகையில் அவை மொறுமொறுவென்று காய்ந்துவிட்டன. மறுநாள் கயிறுகள் நான்கு திசையிலும் போயின. பள்ளிக்கூடச் சட்டைகள், வேட்டிகள், தலையணை உறைகள், மாவுப் பானைகள், முளை கட்டப் போட்ட பயறு, முட்டிவலிக்காரர்கள், மார்ச்சளிப் பிள்ளைகள் எல்லாம் பூவரசைச் சுற்றி வந்து சேர்ந்து, மழைக்கு ஒரு தார்ப்பாயும் மேலே ஏறி, "பிரமுகிட்ட போட்டுட்டு வா", "பிரமுகிட்ட கொஞ்சம் உக்காந்துட்டு வாரேன்" என்று தெரு முழுக்க அவள் பெயரைச் சொல்ல ஆரம்பித்தது. வடக்கே போகிற பால்காரரும் சைக்கிளை நிறுத்திக் கையைச் சூடு காட்டிவிட்டுத்தான் போனார்.

ஆவுடை இதையெல்லாம் பட்டறைக்குள்ளிருந்தே பார்த்தாள். உயிரோடு இருந்த காலத்தில் இந்தப் பெயரை இந்தத் தெரு சொன்னதில்லை. 'பின்கட்டுக்காரி' என்பார்கள். கல்யாணிக்குச் சடங்கு சுற்றியபோது பந்தியில் பாதிப் பாய் வெறும் பாயாகக் கிடந்தது. எதிர்வீட்டுச் சண்முகத்தாய் மகள் கல்யாணத்தில் ஆவுடையை மட்டும் அழைத்து இலை போட்டுவிட்டு, பிரமுவுக்குத் தூக்குவாளியில் சோறு கொடுத்தனுப்பினாள்.

"இருக்கும்போது ஒருத்தியும் அவ கையால தண்ணி வாங்கிக் குடிக்கல" என்று ஒருநாள் வாசலில் வந்து நின்று ஆவுடை சொன்னாள். சத்தம் போடவில்லை. "இப்ப கொழந்தத் துணிக்கு அவ வேணும்."

கயிற்றுக்குப் பின்னால் நின்ற பெண்கள் காய்கிற துணிகளைத் திருப்பிப் போட்டார்கள். செண்பகம் மட்டும் துணிகளை உருவி எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் பிள்ளை இருமுகிற சத்தம் அவள் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. ஆவுடை எழுந்து போய், "கொண்டாந்து போடு" என்று அவள் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தாள்.

முதல் குடத்தை மஞ்சள்கடம்பில் கடைந்தாள். செப்புச் சாமானுக்கு எப்போதும் அந்த மரம்தான். வயிறு அகன்று, கழுத்து ஒடுங்கி, மூடி அழுந்தி உட்காருகிற மாதிரி கடைந்து, சிவப்பும் மஞ்சளுமாக அரக்கு ஏற்றினாள். அரக்கு ஏற்றுகிற வேலையை அவள் கை மறந்திருந்தது, கோடு கோணிக்கொண்டு போயிற்று. சாம்பலை அதில் மாற்றிய கொஞ்ச நேரத்தில் அரக்கு இளகி, வியர்வை மாதிரி முத்து முத்தாக வழிந்து, பொழுது சாய்வதற்குள் மரம் டப்பென்று வாய் பிளந்தது. அடுத்து வேங்கையில் கடைந்தாள். அது ஒருநாள் தாங்கிற்று. எந்த மரத்திலும், எவ்வளவு காய்ந்த மரத்திலும், உள்ளே ஒரு ஈரம் மிச்சம் இருந்தது. பிரமுவின் சூடு அதைத் தேடிப் பிடித்து வெளியே துரத்தியது, ஈரம் போகிற வழியில் மரம் பிளந்தது. கல்யாணி விமானம் ஏறப்போகிறேன் என்று போன் செய்தாள்.

அன்றைக்குத்தான் சண்முகத்தாய், கறுத்துப்போன ஒரு கனத்த பலாக்கட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்கப் பட்டறைக்குள் வந்து போட்டாள்.

"என்னதிது?"

"அடுக்களை உத்தரம். பழைய வீட்ட இடிச்சு மாடி கட்டும்போது எறக்குனது. எங்க மாமனாரோட அப்பா காலத்துல இருந்து அடுப்புக்கு நேர் மேல கெடந்தது. இனி இதுல காயறதுக்கு ஒண்ணும் இல்ல."

"விறகாக்கிக்கிட வேண்டியதுதானே."

"விறகுக்குன்னா இங்க கொண்டாருவேனா?"

ஆவுடை கட்டையைப் புரட்டி நகத்தால் கீறி, மூக்கில் வைத்து முகர்ந்தாள். தலைமுறை தலைமுறையாக ஏறிய புகை அது. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவள் சொல்லவில்லை. மோட்டாரைப் போட்டாள், மோட்டார் ஓடவில்லை. ஆற்றுப் பக்கத்து மின்கம்பங்கள் காற்றில் சாய்ந்துவிட்டன, கரண்டு வர எத்தனை நாளாகும் என்று தெரியாது என்றாள் சண்முகத்தாய். இரண்டு பேரும் கொட்டகை மூலையில் கிடந்த பழைய வார்ப்பட்டறையைப் பார்த்தார்கள்.

"எங்கன உக்காரணும்?" என்று சண்முகத்தாய் கேட்டாள்.

ஆவுடை காட்டினாள். மண்தரையில் இரண்டு குதிகால் அளவுக்குப் பள்ளம் இருந்தது. சண்முகத்தாய் கனத்த உடம்பைத் தரையில் இறக்கி, பாதங்களை அந்தப் பள்ளத்தில் வைத்தாள். பள்ளம் அவளுக்குச் சின்னதாக இருந்தது.

வார் இழுப்பது பலத்தால் ஆகிற வேலை இல்லை. ஒரு இழுப்புக்கு மரம் உளியை நோக்கி வரும், உளி கடிக்கும். மறு இழுப்புக்கு மரம் விலகிச் சுழலும், உளியும் விலக வேண்டும். சண்முகத்தாய் கிணற்றில் இறைக்கிற மாதிரி இழுத்தாள். கட்டை திமிறியது, உளி துள்ளியது.

"இழுத்து நிறுத்தாத. இழுத்து விடு. விட்டாத்தான் அது திரும்பி வரும்."

"அவளுக்கு மட்டும் எப்படி…"

"பேசாம இழு."

இழுத்தாள். பலாவின் கறுப்புத் தோல் உரிந்து, உள்ளே மஞ்சள் தெரிய, சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. மழை ஓடுகளின் மேல் ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. வெளி வளைவு முடிந்து உள்ளே குடைய ஆரம்பித்தபோது சண்முகத்தாய், மரத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அவ என்னையப் பத்தி என்ன சொல்லுவா?"

"ஒண்ணும் சொல்ல மாட்டா."

"சும்மா சொல்லு."

"நீ குடுத்தனுப்புன தூக்குவாளியக் கழுவித் தொடச்சு, உள்ள ஒரு குத்து கல்கண்டு போட்டுக் குடுத்தனுப்புனா. வெறும் பாத்திரமாத் திருப்பிக் குடுக்கக்கூடாதுன்னா. அம்புட்டுத்தான்."

வார் போய்வந்தது. "அந்தக் கல்கண்ட நான் திங்கல" என்றாள் சண்முகத்தாய். "எறும்புக்குப் போட்டேன்."

"தெரியும். அவளுக்கும் தெரியும்."

அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. பேசாமல் இருந்ததாலோ என்னவோ, கொஞ்சம் கொஞ்சமாக வார் தன் கதியைக் கண்டுபிடித்தது. இழுப்பும் விடுப்பும் மூச்சு மாதிரி ஆயிற்று. உளி தானாகக் கடித்துத் தானாக விலகியது. குடத்தின் வயிறு ஆவுடையின் உள்ளங்கைக்கு அடியில் உருண்டு வந்தது. ஆவுடைக்குக் கண் மரத்தின் மேலேயே இருந்தது. பின்னாலிருந்து வாரின் சத்தமும், வளையல் மணிக்கட்டில் ஏறி இறங்குகிற சத்தமும், ஒரு பெண் மூச்சு விடுகிற சத்தமும் வந்துகொண்டிருந்தன. அரக்கு இதற்குத் தாங்காது, வெறும் தாழைமடலால் தேய்த்து மெருகு ஏற்ற வேண்டும். ஆவுடை தலையைத் திருப்பாமல் கையைப் பின்னால் நீட்டினாள்.

"ஏட்டி, தாழமடலு."

கையில் மடல் வந்து விழுந்தது.

ஆவுடை அதைப் பிடித்தாள். பிடித்தபடியே திரும்பினாள். சண்முகத்தாய் வேர்த்து வடிந்த முகத்தோடு, அடுத்து என்ன வேண்டும் என்பது போல உட்கார்ந்திருந்தாள். ஆவுடையின் வாய் கோணிற்று. பிரமு மூச்சை நிறுத்தியபோதும், தூக்கிக்கொண்டு போனபோதும், கலயத்தைக் கையில் வாங்கியபோதும் வராத அழுகை, மரச்சுருள்களுக்கு நடுவில் அவளைக் குப்புறத் தள்ளியது. சண்முகத்தாய் எழுந்து வரவில்லை, தேற்றவில்லை. வாரை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

கல்யாணி வந்தாள். கார் தெருமுனையில் தண்ணீரில் நின்றுவிட, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தவள், பூவரசின் அடியில் தொங்கிய துணிகளுக்கும் பானைகளுக்கும் நடுவே, கறுப்பும் மஞ்சளுமாக நின்ற பலாக்குடத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆவுடை குடத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள். இரண்டு விரல் கனத்துக்கு மரத்தை விட்டுக் கடைந்திருந்ததால், உள்ளே கொதித்தது வெளியே வெதுவெதுப்பாகத்தான் வந்தது. காய்ச்சல் இல்லாத ஒரு உடம்பின் சூடு. கல்யாணி அதை நெஞ்சோடு அணைத்து, மூடியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அன்றும் மறுநாளும் அவள் அதை இறக்கி வைக்கவில்லை.

"நான் கூடவே கொண்டுபோயிருதேன் பெரியம்மா" என்றாள். "அங்க என் ரூம்ல ராப்பகலா ஏசி ஓடும். எப்பப் பாத்தாலும் குளிரும்."

அவள் கொண்டுபோகப் போகிறாள் என்பது தெருவுக்குத் தெரிந்ததும் பெண்கள் வாசலில் வந்து கூடினார்கள். யாருக்கும் வாயால் கேட்கத் துணிவில்லை. கடைசியில் செண்பகம், பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, "மழை விட்டதும் கொண்டுபோனா ஆகாதா?" என்றாள். ஒருத்தி, பாதியை இங்கே வைத்துவிட்டுப் பாதியை எடுத்துப் போகலாமே என்றாள். இன்னொருத்தி, மரத்தடியில் மேடை கட்டி வைத்துக்கொள்ளலாம் என்றாள். கல்யாணி குடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

ஆவுடை எல்லாரையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கும்தான் ஆசை இருந்தது. வயது ஏற ஏற அவளுக்குக் கை விறைத்துப்போகிறது; உளி பிடிக்கும் முன்னால் அந்தக் குடத்தின் மேல் விரல்களை வைத்துக்கொண்டால் போதும். ஒவ்வொரு காலையும், இருக்கிற காலம் வரைக்கும். ஆனால் கல்யாணி முகத்தை நிமிர்த்தியபோது அவள் கன்னத்தில், மூடி பட்ட இடத்தில், வட்டமாகச் சிவந்திருந்தது. நேற்று அந்தச் சிவப்பு இல்லை. ஆவுடை குடத்தைக் கேட்டு வாங்கி மூடியைத் திருகித் திறந்தாள்.

உள்சுவர் கரியாகியிருந்தது. அவள் மஞ்சளாகக் குடைந்து விட்ட மரம் விரல் கனத்துக்குக் கருகி, விரலால் தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. எந்தத் தீயும் வைக்காமல், எந்தக் காற்றும் ஊதாமல், உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

"பாத்தியா" என்றாள் கல்யாணியிடம். பிறகு வாசலில் நின்றவர்களுக்கும் தெரியும்படி குடத்தைச் சாய்த்துக் காட்டினாள். "அவ இன்னும் எரிஞ்சிக்கிட்டுத்தான் இருக்கா. நாம எல்லாரும் குளிர் காயுதோம்."

கல்யாணி வெகுநேரம் கருகின மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை பார்க்கிற இடத்தில், கட்டில் கட்டிலாகப் படுத்திருப்பவர்களின் சொந்தக்காரர்கள் தினமும் அவளிடம் கேட்கிற கேள்வியை, அவள் இப்போது கேட்டாள்.

"அம்மாவுக்கு வலிக்குமா பெரியம்மா?"

"எனக்குத் தெரியல தாயி" என்றாள் ஆவுடை. "தெரியாதப்ப வலிக்குதுன்னுதான் வச்சிக்கணும்."

முதலில் செண்பகம்தான் போய்க் கயிற்றிலிருந்து பிள்ளைத் துணிகளை உருவினாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகச் சட்டைகளையும் சேலைகளையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள், மாவுப் பானைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டார்கள். யாரோ கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டினார்கள். தார்ப்பாய் இறங்கியது. நாய் எழுந்து உடம்பை உதறிக்கொண்டது.

ஆற்றுக்கு ஆவுடையும் கல்யாணியும் மட்டும்தான் கிளம்பினார்கள். திரும்பிப் பார்த்தபோது தெரு பின்னால் வந்துகொண்டிருந்தது. தாமிரபரணி இரண்டு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் மேல்படிகள் மட்டும் வெளியே தெரிந்தன. கல்யாணி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். சண்முகத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொள்ள, சண்முகத்தாயின் கையைச் செண்பகம் பிடித்துக்கொள்ள, பெண்கள் படி நெடுகக் கைகோத்து நின்றார்கள். ஆவுடை மூடியைத் திறந்து கொடுத்தாள்.

சாம்பல் தண்ணீரைத் தொட்டதும் ஆவி எழுந்தது. அடுப்பில் பொங்கி வழிந்த சோற்றுக் கஞ்சி மாதிரி ஒரு சீறல் கேட்டு, வெள்ளை வெள்ளையாக ஆவி ஆற்றின் மேல் பரந்து, மழைக்குள் ஏறி, எதிர்க்கரை மருதமரங்களை மறைத்தது. நின்றவர்கள் முகத்திலெல்லாம் ஒருமுறை சூடாகப் பட்டது. குடத்தையும் கல்யாணி தண்ணீரிலேயே விட்டாள். கடைசலில் பிறந்த பொருள் அல்லவா, சுழன்று சுழன்றுதான் போயிற்று. போகப்போகச் சிறுத்து, நடு ஆற்றை எட்டியதும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஆவி கலைந்த பிறகு ஆவுடை குனிந்து முழங்கை வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். விட்டபடியே இருந்தாள். சாம்பல் விழுந்த இடத்தில் துழாவினாள், அதற்குக் கீழே துழாவினாள், ஓட்டம் இழுக்கிற பக்கம் துழாவினாள்.

"ஆறிட்டாளா பெரியம்மா?" என்று கல்யாணி கேட்டாள்.

"ஆறிட்டா."

கையை வெளியே எடுத்தாள். அது விரல் நுனியிலிருந்து தோள் வரைக்கும் நடுங்கியது. பிறகு உடம்பு முழுக்க நடுங்கியது, பல் கிட்டித்தது. பெண்கள் அவளைப் படியேற்றிக் கொண்டுவந்து, இருக்கிற ஈரச் சேலைகளில் கொஞ்சம் குறைவாக நனைந்த ஒன்றைத் தேடி எடுத்துத் தோளில் போர்த்தினார்கள்.

"குளிருதா?" என்றாள் சண்முகத்தாய்.

"குளிருது" என்றாள் ஆவுடை. "ரொம்பக் குளிருது."